தலைப்பாகையும் ஊரார் நோக்கும்

1. தோற்றுவாய்

காஞ்சிபுர மாவட்டத்தில் உத்திரமேரூரைச் சார்ந்த ஊர்களுள் சாலவாக்கம் ஒன்று. முதற்பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற குடவோலைக் கல்வெட்டுக்களால் உத்திரமேரூர் உலகறிந்த ஊராயிற்று. சாலவாக்கமோ ஏரியும் கழனியும் சூழ்ந்த உழவர் ஊர். இத்தகைய ஊரில் முதியவர் ஒருவர் துண்டைத் தலையிற் சுற்றிக்கொண்டு வரப்பின்மேல் நடப்பாராயின் அவரை யாரும் நின்று நோக்குவதில்லை. அதே ஊர்த்தெருவில், கல்வி கற்ற இளைஞர் ஒருவர் நீண்ட அங்கியும் சரிகைத் தலைப்பாகையும் அணிந்து, தம் பாட்டனார் காலத்தவர்போல் வருவாராயின் சிறுவர் பின்தொடர்வர், பெரியோர் முறுவலிப்பர், 'இன்று என்ன விசேடம்?' என்று எவரேனும் வினவாதிரார். இருவர் தலையிலும் இருப்பது சுற்றப்பெற்ற துணியே. ஊரார் நோக்குமட்டும் வேறுபடுகின்றது.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? வழக்கு ஒழிந்த பழங்கோலம் நகைப்பைத் தரும், வழக்கிலுள்ள புதுக்கோலம் மதிப்பைத் தரும் என்று விடை கூறுதல் எளிது. தமிழக வரலாறு அவ்விடைக்கு இடந்தரவில்லை. 1806ஆம் ஆண்டில் வேலூரிலும் அதன் அயலிலும் நகைப்புக்கும் சினத்துக்கும் இலக்கானது புதிய தலையணியே. பின்னர் இருபதாம் நூற்றாண்டில் தலைப்பாகையே பலரால் கைவிடப்பெற்றது. கைவிடப்பெற்ற அதனைச் சிலர் மீண்டும் அணிந்து பெருமையுற்றதும் உண்டு. தலையணி ஒன்றனைக் காணும் மக்கள் அதன் பழமையையோ புதுமையையோ முதற்கண் எண்ணுவதில்லை. அணிந்தவன் அதனை யாருடைய விருப்பினால், எவ்வுரிமையினால் தலையில் ஏற்றான் என்பதையே எண்ணுகின்றனர். இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சொற்கள் தரும் சான்று

பிறர் உடையைக் கண்டு வியக்கும் இயல்பு தமிழ் இலக்கியத்தில் தொன்றுதொட்டுக் காணப்படுவது. அரசனின் பாசறையைக் காட்டும் முல்லைப்பாட்டு, அங்கே காவல் புரிந்த யவனரைக் குறிக்குமிடத்து அவர்தம் மெய்ப்பையையும் அச்சந்தரும் தோற்றத்தையும் ஒருங்கே சொல்லுகின்றது. உடலைப் பைபோல மூடும் சட்டை தமிழர்க்குப் புதிதாகத் தோன்றியமையால், அதனை அணிந்தார்மாட்டு அச்சமும் வியப்பும் கலந்த நோக்குப் பிறந்தது எனக் கொள்ளலாம். ஆயினும் அந்நோக்கில் இகழ்ச்சி இல்லை. யவனர் தமக்குரிய உடையைத் தாமே அணிந்தவர். அவர்மேல் அதனை ஏற்றியவர் பிறர் அல்லர்.

தலையணிபற்றிய சொற்கள் இன்னும் தெளிவான சான்று பகர்கின்றன. முடி, கண்ணி என்பன பழந்தமிழ்ச் சொற்கள். உருமால், குல்லா என்பன பாரசீகத்திலிருந்து வந்தவை. தொப்பி வடபுலத்து மொழிகளின் வழியாக வந்தது. சொல் எங்கிருந்து வந்ததாயினும் அது தமிழகத்தில் பெற்ற பொருளே நமக்கு வேண்டுவது. ஊர்ப்பொதுவில் வரி தண்டும்போது ஒரு குடும்பத்தைத் 'தலைக்கட்டு' என்று எண்ணும் வழக்கு இன்றும் உண்டு. தலையிற் கட்டும் துணி குடும்பத்தின் பொறுப்பைக் குறித்தமையை இவ்வழக்கு காட்டுகின்றது. தந்தை இறந்தபின் கருமாதி நாளில் மைந்தனுக்கு உறவினர் உருமால் கட்டும் சடங்கும் இக்கருத்தையே வலியுறுத்தும். அன்று அவன் தலையில் ஏறுவது வெறுந்துணியன்று, குடும்பத்தின் தலைமை. அதனைத் தானே எடுத்துக் கட்டிக்கொள்ளுதல் முறையாகாது. உரியவர் கட்டிவிடல் வேண்டும். கோயிலிற் பெறும் பரிவட்டமும் அத்தகையதே. பரிவட்டம் யாருக்கு முதலிற் கட்டுவது என்பதுபற்றி ஊர்கள் பிளவுபட்டமையும், வழக்கு மன்றங்கள் வரை சென்றமையும் பலரும் அறிந்தவை.

மறுதலையான வழக்குக்களும் உள. வஞ்சகனைத் 'தலைப்பாகைமாற்றி' என்றனர். ஏமாற்றுதலையும் இச்சகம் பேசுதலையும் 'குல்லாப் போடுதல்' என்றனர். ஐரோப்பியர் 'தொப்பிக்காரர்' எனப்பட்டனர். இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. உரியவர் முறைப்படி ஏற்றிய தலையணி தலைமையைக் குறித்தது. முறையின்றி மாற்றப்பெற்றது பொய்ம்மையைக் குறித்தது. சிரிப்பும் மதிப்பும் இவ்விரு நிலைகளுக்கும் இடையே பிறப்பன.

3. வேலூரில் நிகழ்ந்தது

கிழக்கிந்தியக் கும்பெனியாரின் சென்னைப் படைக்குத் தலைமை தாங்கிய சர் ஜான் கிராடக், 1805ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் சிப்பாய்களுக்குப் புதியதொரு தலைப்பாகையை வகுத்து ஆணையிட்டார். அதனை அமைத்த படை அதிகாரி அக்னியூ என்பாரின் பெயராலேயே அது வழங்கப்பெற்றது. தோலினால் ஆகிய சின்னம் ஒன்று அதில் பொருத்தப்பட்டிருந்தது. 1806ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வெளியான படைவிதிகள், அணிவகுப்பின்போது நெற்றியில் சமயக்குறி இடலாகாது, காதணி அணியலாகாது, தாடியை மழித்தல் வேண்டும், மீசையும் ஒரே வகையாக இருத்தல் வேண்டும் என்று மேலும் விதித்தன.

மே மாதத்தில் வேலூரில் இருந்த நான்காம் பிரிவின் இரண்டாம் பட்டாளத்தார் புதிய தலைப்பாகையை ஏற்க மறுத்தனர். மறுத்தவர்களுள் இருபத்தொருவர் சென்னைக்கு அனுப்பப்பெற்று விசாரிக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் இந்து, ஒருவர் முசுலிம் ஆக இருவருக்குத் தலைக்கு 900 கசையடியும் பணிநீக்கமும் தண்டனையாயின. ஏனைய பத்தொன்பதின்மருக்கு 500 கசையடி விதிக்கப்பெற்றது. அவர்கள் பொறுத்தருள வேண்டியமையால் அது நீக்கப்பட்டது. கும்பெனியார் இத்துடன் செய்தி முடிந்தது என எண்ணினர். சூலை 10ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். ஐரோப்பிய அதிகாரிகளும் வீரர்களும் பலர் மாண்டனர். ஆர்க்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையுடன் வந்து கோட்டையை மீட்டார். அம்மீட்சியில் உயிரிழந்த சிப்பாய்கள் பன்னூற்றுவர். பின்னர்த் தலைப்பாகை ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் படைத்தலைவர் கிராடக்கும் 1807ஆம் ஆண்டில் பதவியினின்று மீட்டழைக்கப்பெற்றனர்.

இக்கிளர்ச்சிக்குக் காரணம் கூறுவோர் இரண்டனை முதன்மையாக எடுத்தோதுவர். ஒன்று, வேலூர்க் கோட்டையில் வைக்கப்பெற்றிருந்த திப்பு சுல்தானின் மைந்தர்களைச் சார்ந்த அரசியல் எண்ணம். மற்றொன்று, தோற்சின்னத்தால் விளைந்த சமய மனவருத்தம். இவ்விரண்டும் மறுக்கற்பாலன அல்ல. எனினும் தோல் ஒன்றே இத்துணை வெறுப்பை விளைத்தது என்பது ஆராயத்தக்கது. சிப்பாய்கள் தோல்வாரையும் தோற்பையையும் தம் பணியில் நாள்தோறும் தாங்கியவர்கள். அவர்கள் முன்னர் அணிந்திருந்த தலைப்பாகையும் பாட்டன் வழி வந்த நாட்டுக் கோலம் அன்று. அதுவும் கும்பெனியார் வகுத்த படையுடையின் ஓர் உறுப்பே. ஆதலின் 'பழைய மரபைப் புதுமை கெடுத்தது' என்னும் விளக்கம் முழுமையானதன்று. பழைய தலைப்பாகையை அணிந்தபோது எழாத கேள்வி புதியதை அணிந்தபோது ஏன் எழுந்தது என்பதற்கு வேறு விடை வேண்டும்.

4. உறவினர் கண்

அவ்விடை சிப்பாய்களின் குடியிருப்பில் கிடைக்கின்றது. சென்னைப் படையின் சிப்பாய்கள் தம் குடும்பத்துடன் படையிடங்களில் வாழ்ந்தவர்கள். மனைவியும் மக்களும் தாயும் உடனிருந்தனர். கடைத்தெரு அருகில் இருந்தது. ஆகவே அணிவகுப்பு முடிந்து வீடு திரும்பும் சிப்பாய், தன் தலையிலுள்ளதை ஒவ்வொரு நாளும் உறவினர் கண்முன் கொண்டு வந்தான். புதிய அணி தலைப்பாகையன்று, தொப்பியே என்று கண்டோர் கூறினர். படையில் முரசு கொட்டும் பறங்கியர் அணிவதனை அது ஒத்திருந்தது என்ற பேச்சும் பரவியது. 'தொப்பிக்காரர் ஆயினீர், அடுத்து அவர்தம் சமயத்திலும் சேர்வீர்' என்னும் கருத்துப்பட ஊரார் எள்ளினர் என்பதை அந்நிகழ்ச்சியின் வரலாற்றை எழுதினோர் குறித்துள்ளனர். சீருடையின் முன்புறத்தில் தொங்கிய திருகாணிக் கருவிகூடச் சிலுவை வடிவினது என ஐயுறப்பட்டது. ஐயம் ஒன்று எழுந்தபின் எல்லாம் அதற்குச் சான்றாய்த் தோன்றுதல் இயல்பு.

பாலாற்றை அடுத்துள்ள வாலாசாபாத்து அந்நாளில் கும்பெனியாரின் பெரிய படையிடமாக விளங்கியது. உத்திரமேரூர், சாலவாக்கம் முதலிய ஊர்களுக்கு அது தொலைவிலுள்ளதன்று. அங்கும் 1806ஆம் ஆண்டில் தலைப்பாகைபற்றிய மனக்குறை வெளிப்பட்டது. இவ்வட்டாரம் முழுவதும் 1763ஆம் ஆண்டிலேயே ஆர்க்காட்டு நவாபினால் கும்பெனியார்க்குச் சாகீராக அளிக்கப்பெற்ற செங்கற்பட்டுப் பகுதி. கும்பெனியாரின் ஆட்சி இங்குள்ளார்க்குப் புதிதன்று. அவர்தம் பணத்தை ஊதியமாகப் பெறுதலும் புதிதன்று. ஆயின் ஊதியம் கையில் வாங்கப்படுவது. தொப்பி தலையில் வைக்கப்படுவது. உருமால் கட்டும் உரிமை உறவினர்க்கு இருந்த நாட்டில், தலைமேல் எதனை ஏற்றுவது என்று அதிகாரி ஒருவர் தாளில் எழுதி ஆணையிட்டமை, அவர் தமக்கில்லாத உறவுரிமையை எடுத்துக்கொண்டமையாகவே கொள்ளப்பட்டிருத்தல் கூடும்.

எனவே, கசையடியைக்காட்டிலும் உறவினரின் எள்ளல் வலிதாயிற்று. கசையடி உடலைத் தாக்கியது. எள்ளல், உண்ணும் பந்தியையும் பெண் கொடுத்துக் கொள்ளும் உறவையும் தாக்கவல்லது. அதிகாரிகள் தலைப்பாகையின் எடையையும் வடிவையும் ஆராய்ந்தனர். அது தெருவில் எவ்வாறு காணப்படும் என்பதை ஆராய்ந்தாரல்லர். 1806ஆம் ஆண்டின் பெரும்பிழை இதுவே எனலாம்.

5. மறுக்கப்பெற்ற தலைப்பாகை

பிறர் ஏற்றிய தலையணி இழிவாயின், பிறர் தடுத்த தலையணி என்னாகும்? இதற்குத் தென்கோடியில் விடை உண்டு. திருவிதாங்கூர் ஆட்சியின் கீழ் இருந்த நாஞ்சில் நாட்டுப் பகுதியில் ஒடுக்கப்பெற்ற மக்கள் பலர் தலைப்பாகை கட்டுதலும் பெண்டிர் தோள்சீலை அணிதலும் தடுக்கப்பட்டிருந்தன. சாமித்தோப்பில் வாழ்ந்த ஐயா வைகுண்டர் (1809-1851) தம்மைப் பின்பற்றிய ஆடவரை வழிபாட்டின்போது தலைப்பாகை அணியுமாறு செய்தார். இன்றும் நிழல்தாங்கல்களில் ஆடவர் தலைப்பாகையுடன் வழிபடும் முறை தொடர்ந்து வருகின்றது. பிற கோயில்களில் இறைவன்முன் தலைத்துணியை அவிழ்த்தலே பணிவாகக் கருதப்படும். இங்கே கட்டுதல் பணிவுக்கு மாறாகவில்லை. மனிதனின் மதிப்பை இறைவன் முன்னிலையில் நிலைநாட்டுவதாயிற்று. பெண்டிரின் தோள்சீலை உரிமைக்காக நெடுநாள் நடந்த போராட்டம் 1859ஆம் ஆண்டின் அரச அறிக்கையால் ஒருவாறு முடிவுக்கு வந்தது. இருவகைப் போராட்டத்திலும் பொருள் துணியன்று என்பது வெளிப்படை.

கடல் கடந்து சென்ற தமிழரிடத்தும் இதனைக் காணலாம். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவருள் தமிழர் மிகப் பலர். ஐரோப்பியரைக் காணச் செல்லும் ஒப்பந்தக் கூலி, தொப்பியாயினும் தலைப்பாகையாயினும் துண்டாயினும் அதனைக் கழற்றிவிட்டே நிற்றல் வேண்டும் என்ற வழக்கம் அங்கே இருந்தது. 1893ஆம் ஆண்டு மே மாதத்தில் டர்பன் நகரின் நீதிமன்றத்தில் நடுவர் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னபோது, காந்தியடிகள் மறுத்து வெளியேறினார். நாளிதழ்கள் அவரை வேண்டாத விருந்தினராகக் குறித்தன. அடுத்த ஆண்டில் பாலசுந்தரம் என்னும் தமிழ்த் தொழிலாளர், முதலாளியால் அடிக்கப்பட்டு, முன்பற்கள் உடைந்து குருதி ஒழுக, தலைத்துண்டைக் கையில் ஏந்தியவாறு அவர் அலுவலகத்திற்கு வந்தார். காந்தியடிகள் முதலில் அவரைத் துண்டைத் தலையில் கட்டிக்கொள்ளுமாறு கூறினார். தயக்கத்துடன் கட்டிக்கொண்ட அத்தொழிலாளரின் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியைக் காந்தியடிகள் தம் வரலாற்றில் மறவாது பதிந்துள்ளார். பின்னர் அவருடைய ஒப்பந்தம் வேறொருவருக்கு மாற்றப்பெற்றது. வழக்கின் வெற்றி அதன்பின் வந்தது; துண்டைக் கட்டிக்கொண்ட கணமே அவரை மனிதராக நிமிர்த்தியது. வேலூரில் ஏற்றியது இழிவு. நேட்டாலில் இறக்கியது இழிவு. ஏற்றுதலும் இறக்குதலும் பிறர் கையில் இருந்தமையே இரண்டற்கும் பொது.

6. தாமே மேற்கொண்ட கோலம்

இனி, யாரும் ஏவாமல் தாமே ஒரு கோலத்தை மேற்கொண்டாரை நோக்குவோம். பாரதியார் 1898 முதல் 1902 வரை காசியில் வாழ்ந்த காலத்தில் குடுமியை நீக்கி, மீசை வளர்த்து, தலைப்பாகையும் கோட்டும் அணியத் தொடங்கினார். அவரைப் பேணிய உறவினர் இக்கோலத்தைக் கண்டு மனம் வருந்தினார் என அவர்தம் வரலாறு கூறும். அவர் தலைப்பாகையை அயற்கோலம் என அன்று கருதினோர் உண்டு. இன்றோ தமிழ்நாட்டில் சிறுவர் ஒருவர் வெண்டலைப்பாகையும் கருங்கோட்டும் அணிந்து பள்ளி விழா மேடையில் நின்றால் அவர் யாரைக் குறிக்கின்றார் என்று எவரும் வினவுவதில்லை. ஒருவர் வாழ்ந்த வாழ்க்கை அவர் உடைக்குப் பொருள் தந்துவிட்டது. மதுரையில் 1921ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் காந்தியடிகள் சட்டையையும் தொப்பியையும் துறந்து அரையாடையுடன் வெளிவந்தமையும் இத்தகையதே. அவ்வாடையை அணிந்தோர் நாட்டில் கோடிக்கணக்கினர். துறக்க இயன்றவர் துறந்தமையால் அது வேறு பொருள் பெற்றது.

இதற்கு எதிர்நிலையாக, மதிப்புற்ற கோலம் மதிப்பிழந்த வரலாறும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வழக்கறிஞரும் ஆசிரியரும் அலுவலரும் தலைப்பாகையின்றி வெளிச்செல்லுதல் அரிது. இருபதாம் நூற்றாண்டில் அவர்கள் அதனைப் படிப்படியாகக் கைவிட்டனர். அதே காலத்தில் நீதிபதிகளுக்கும் மாவட்ட ஆட்சியர்களுக்கும் முன்செல்லும் டவாலிகள் தலைப்பாகையைப் பணியுடையாக அணிந்து வந்தனர். விடுதிகளின் வாயிற்காவலரும் அதனை அணியலாயினர். தலைவன் கழற்றியதைச் சேவகன் அணியுமாறு விதிக்கப்பெற்றது. சரிகைத் தலைப்பாகையைக் கண்டு இன்று முறுவல் தோன்றுவதற்கு இவ்வரலாறு ஒரு காரணம். காண்போர், தலைவனின் கோலத்தைக் காண்கின்றோமா, ஏவலனின் கோலத்தைக் காண்கின்றோமா என ஒரு கணம் தடுமாறுகின்றனர். அத்தடுமாற்றமே முறுவலாக வெளிப்படுகின்றது.

அயல்நாட்டார் விட்டுச் சென்ற தொப்பி ஒன்று பெருமை பெற்றமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. புதுச்சேரிக் காவலர் அணியும் சிவப்புத் தொப்பி பிரெஞ்சு ஆட்சியின் எச்சம். 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் ஆட்சி கைமாறிய பின்னரும் அத்தொப்பி நீக்கப்பெறவில்லை. ஆளவந்தார் சென்றபின் அதனை வைத்துக்கொள்வதும் விடுவதும் ஊராரின் விருப்பாயிற்று. விருப்பால் நின்ற காரணத்தால் அது இன்று அந்நகரின் அடையாளமாகப் போற்றப்படுகின்றது. வேலூர்த் தொப்பியும் புதுச்சேரித் தொப்பியும் ஐரோப்பியர் தந்தனவே. ஒன்று குருதியில் முடிந்தது, மற்றொன்று சுற்றுலா வருவோரின் ஒளிப்படங்களில் நிலைபெற்றது.

7. முடிவுரை

தொண்டை மண்டலத்து ஊர்களில் திரௌபதியம்மன் விழாக்காலத்தில் தெருக்கூத்து நிகழ்வது பண்டுதொட்டு வரும் வழக்கம். துரியோதனன் நெடுங்கிரீடமும் புசக்கட்டையும் அணிந்து களம் புகும்போது கூட்டம் அமைதியுறும்; கட்டியங்காரன் கோமாளிக் குல்லாவுடன் புகும்போது சிரிக்கும். கிரீடம் கட்டையாலும் வண்ணத்தாளாலும் ஆயது என்பதைக் கூட்டத்தார் அறிவர். அணிந்தவர் பகலில் உழுதொழில் செய்பவராயிருத்தலும் கூடும். ஆயினும் விடியும்வரை அக்கிரீடத்துக்கு உரியவர் அவரே என ஊர் ஒப்புக்கொள்கின்றது. ஊரின் ஒப்புதலே கிரீடத்தை மெய்யாக்குகின்றது.

சாலவாக்கத் தெருவில் பழங்கோலத்துடன் வரும் இளைஞரை ஊரார் கேட்கும் 'என்ன விசேடம்?' என்னும் வினாவை இப்பின்னணியில் நோக்குதல் வேண்டும். அது வெறும் நகைப்பன்று. 'இதனை உனக்குக் கட்டியவர் யார்? எவ்வுரிமையால் கட்டினாய்?' என்ற பழைய வினாவே அவ்வடிவில் எழுகின்றது. திருமணம் என்றோ, கூத்து என்றோ, பாட்டனார் நினைவு நாள் என்றோ விடை வருமாயின் முறுவல் மதிப்பாக மாறும். விடை இன்றேல் முறுவல் சிரிப்பாக வளரும். 1806ஆம் ஆண்டில் வேலூர்ச் சிப்பாயை அவன் உறவினர் கேட்டதும் அவ்வினாவே. அதற்கு, 'அதிகாரியின் ஆணை' என்பதொழிய வேறு விடை அவனிடம் இல்லை. அவ்விடையை அவன் வீடு ஏற்கவில்லை. உடைகளின் வரலாற்றை ஆராய்வோர் துணியையும் தையலையும் மட்டும் அளந்து அமைதல் சாலாது. துணியைக் கண்ட கண்களின் வரலாற்றையும் உடன் ஆராய்தல் வேண்டும்.